உடலுக்கு இசைந்த உலோகம்

உலோகம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை எவை? பங்குக் கோவிலின் மணி, உழவரின் கொழு, அடுக்களையின் இருப்புச் சட்டி. அடித்தால் ஒலிப்பதும், உலையிலிட்டாலன்றி இளகாததுமே உலோகத்தின் இயல்பு எனச் சிறு வயது முதல் எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணத்திற்கு விலக்காக நமக்குத் தெரிந்தது ஒன்றே, அது பாதரசம். காய்ச்சல்மானி கைதவறி உடைந்த நாளில் சிமெண்டுத் தரையில் வெள்ளி மணிகளாய் உருண்டோடிய அதனைத் தாளில் ஏந்தி விளையாடாத பிள்ளைகள் அந்நாளில் குறைவு. அதன் ஆவி நரம்புகளைக் கெடுக்கும் நஞ்சு என்பது பின்னாளில்தான் பரவலாகத் தெரியவந்தது. கொடைக்கானலில் இயங்கிவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பாதரசத்தின் பயன்பாட்டை உலகெங்கும் குறைப்பதற்காக 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

பாதரசத்தைப்போல் ஓடவேண்டும், அதைப்போல் நஞ்சைக் கக்கலாகாது. அத்தகைய உலோகம் உண்டா? உண்டு. அதன் பெயர் காலியம். பெயரைக் கேட்டு நகைக்க வேண்டா. இது நாம் பேச்சில் வழங்கும் ‘காலி’ அன்று. பிரான்சு நாட்டின் பழம்பெயராகிய ‘காலியா’ என்பதிலிருந்து பிறந்தது. ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் தனிமங்களை அட்டவணைப்படுத்தியபோது, அலுமினியத்தின் கீழே ஓர் இடம் வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டு, அங்கே வந்து அமரவேண்டிய தனிமத்தின் இயல்புகளை 1871-இலேயே எழுதிவைத்துவிட்டார். 1875-இல் பிரெஞ்சு அறிஞர் லெகோக் த புவாபோத்ரான், பிரனீசு மலைப்பகுதியின் துத்தநாகக் கனிமத்தில் அதனைக் கண்டறிந்தார். அவர் அளந்து கண்ட அடர்த்தி 4.7. மெண்டலீவ் முன்குறித்திருந்ததோ 6-ஐ ஒட்டிய எண். அப்பொருளைக் கண்ணாலும் கண்டிராத மெண்டலீவ், மறுபடியும் அளந்து பார்க்கும்படி தெரிவிக்க, தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது! படைப்பில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பியவருக்கு அவ்வொழுங்கு பொய்க்கவில்லை.

காலியம் உருகும் வெப்பநிலை 29.76 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் மேசைமேல் வைத்தாலே போதும், உருகிவிடும்; மார்கழியில் உள்ளங்கையில் ஏந்தினால் சற்று நேரத்தில் வெள்ளிக் குழம்பாகும். சாதாரண வெப்பத்தில் அதிலிருந்து ஆவி எழுவதே இல்லை எனலாம். அதனுடன் இந்தியம் என்னும் மற்றோர் உலோகத்தை, நான்கில் மூன்று பங்கு காலியத்திற்கு ஒரு பங்கு இந்தியம் என்ற அளவில் கலந்தால், உருகுநிலை 15.5 டிகிரி அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதாவது, நம் நாட்டுச் சமவெளியில் இக்கலவை பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். இந்தியம் நம் நாட்டில் கிடைத்ததால் பெற்ற பெயரன்று. 1863-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டபோது, அதன் நிறமாலையில் அவுரி நீலத்தில் ஒரு கோடு தென்பட்டது. அவுரிச் சாயத்திற்கு ஐரோப்பியர் இட்டிருந்த பெயரோ ‘இந்தியப் பொருள்’ என்பதிலிருந்து வந்தது. ஆக, நம் நாட்டின் பெயர் சுற்று வழியில் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! இவ்விரண்டோடு வெள்ளீயமும் சேர்ந்த கலவையைப் பாதரசத்திற்கு மாற்றாகக் காய்ச்சல்மானிகளில் அடைத்து விற்கின்றனர்.

சரி, இவ்வுலோகத்தால் நோயுற்றவர்க்கு யாது பயன்? அதைச் சொல்லுமுன், நம் உடலில் ஓடும் மின்சாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

இத்தாலியின் பொலோஞா நகரில் உடற்கூற்றியல் கற்பித்த லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால்கள் மின்பொறி பட்டுத் துடிப்பதைக் கண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1791-இல் தம் நூலை வெளியிட்டார். இவர் புனித பிரான்சிசுவின் மூன்றாம் சபையைச் சார்ந்த இறைப்பற்றாளர். தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத அரசியல் உறுதிமொழியை எடுக்க மறுத்துப் பேராசிரியர் பதவியை இழந்து, 1798-இல் மறைந்தார். தசையும் நரம்பும் மின்சாரத்தால் இயங்குகின்றன என்ற அறிவுக்கு வித்திட்டவர் அவரே.

நம் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு மின்னலை அதன் தசைகளினூடே பரவுகிறது. அதன் எதிரொலி தோலின்மேல் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தெரியும். கைவிளக்கில் நாம் இடும் ஒரு மின்கலத்தின் விசையில் அது ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. அத்துணை மெல்லிய செய்தியை நெதர்லாந்து நாட்டு லைடன் நகரின் ஐந்தோவன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைபடமாக எழுதிக் காட்டினார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சிற்றூர் மருத்துவமனைகளிலும் எடுக்கப்படும் இ.சி.ஜி. அவர் தந்த கொடை. அவருடைய கருவி 270 கிலோகிராம் எடை. இயக்குவதற்கு ஐவர் வேண்டும். நோயாளியோ நாற்காலியில் அமர்ந்து, இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் அமிழ்த்தி வைத்திருக்க வேண்டும்!

அந்த உப்புநீரே முதல் மின்முனை. இச்சொல்லைச் சற்று விளக்குவோம். நம் உடலில் மின்சாரத்தைச் சுமப்பவை உப்பின் அயனிகள். கம்பியில் சுமப்பவை எலக்ட்ரான்கள். ஆற்றில் வந்த சுமையைப் படகிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு துறை வேண்டுமன்றோ? அவ்வாறு உடலின் செய்தி கம்பிக்குக் கைமாறும் துறையே மின்முனை. உப்புநீர் நல்ல துறை. அது கையின் ஒவ்வொரு மடிப்பையும் தழுவிக்கொள்ளும், ஓரிடத்தும் உறுத்தாது. ஆயினும் அதைச் சுமந்துகொண்டு நடக்க இயலாதே! எனவே பின்வந்தோர் உலோகத் தகடுகளைக் கைகால்களில் கட்டினர். மார்பில் ஒட்ட ரப்பர்க் குமிழுள்ள கிண்ணங்களை அமைத்தனர். இப்போது வழக்கில் இருப்பவை, நடுவே வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் பூசிய பொத்தானும், அதன்கீழ் உப்புப் பசையும், சுற்றிலும் ஒட்டும் பட்டையும் உள்ள வட்ட வில்லைகள். மலிவானவை, நம்பத்தக்கவை, எண்ணிறந்த உயிர்களைக் காத்தவை. அவற்றைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. எனினும் ஒட்டுப்பட்டையின் கீழிருக்கும் தோல் எத்தகையது என்பதும் எண்ணத்தக்கதே.

எங்கள் அன்னையார் தம் 84-ஆம் வயதில் இதயம் தளர்ந்து பதினொரு நாள்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். மக்களாகிய நாங்கள் மூவரும் மாறி மாறிக் கண்விழித்தோம். அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு போலாகிவிடுகிறது. வில்லைகளை மாற்றும்போதெல்லாம் மார்பில் செந்நிற வட்டம் ஒன்று எஞ்சும். இரண்டிடங்களில் மேல்தோலே பட்டையோடு வந்துவிட்டது. செவிலியரின் பிழையன்று, அவர்கள் பூப்போலத்தான் கையாண்டார்கள். “ஒட்டி ஒட்டிப் பிய்க்க நான் என்ன தபால் தலையா?” என்று அம்மா சிரித்ததும் உண்டு. தோலைவிட அவர்களை வருத்தியது வேறொன்று. அம்மா செபமாலை சொல்லும்போது வலக்கையை மார்பின்மேல் வைத்து மணிகளை உருட்டுவார்கள். கை அசைய, தோல் அசையும். தோல் அசைய, வில்லை அசையும். உடனே திரையில் கோடு தாறுமாறாய் நெளிந்து எச்சரிக்கை மணி கூவத் தொடங்கிவிடும். ஓடிவரும் இளம் செவிலி, “பாட்டி, கையை ஆட்டாம படுங்க” என்பார். “மணி உருட்டாம செபமாலை எப்படிம்மா சொல்றது?” என்பார்கள் அம்மா. நான்காம் நாள் முதல் எங்களில் ஒருவர் கட்டிலருகில் அமர்ந்து மணிகளை உருட்ட, அவர்கள் உதடு மட்டும் அசைத்தார்கள். நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தை வழங்க வந்த பங்குத் தந்தை, உள்ளங்கையில் எண்ணெய் பூசுவதற்குக் குழாய்களுக்கும் பட்டைகளுக்கும் இடையே இடம் தேடவேண்டியதாயிற்று.

கருவி நோயாளியை அசையாதே என்கிறது. உடல் அசையாமல் இருக்குமா? மூச்சு விடும்போதும் மார்பு விரிந்து சுருங்குகிறதே! தோல் இழுத்தால் நீள்வது, தகடு நீளாதது. இரண்டையும் ஒட்டவைத்தால், இடையில் உராய்வும் பொய்ச் செய்தியும் தோன்றாமல் இரா. உடலுக்குள்ளே வைக்கும் மின்முனைகளில் இவ்வேறுபாடு இன்னும் கொடியது. மூளை கெட்டித் தயிர் போன்றது. அதில் செருகும் ஊசியோ சிலிக்கனாலும் பிளாட்டினத்தாலும் ஆனது. நாளடைவில் மூளை அந்த ஊசியைச் சுற்றி வடுத் திசுவை வளர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது, செய்தியும் மங்கிவிடுகிறது.

இங்கேதான் நம் காலியக் கலவை உதவிக்கு வருகிறது. ஓடும் உலோகத்தை நெகிழும் ரப்பருக்குள் அடைத்து உடலில் கட்டுவது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1953-இலேயே விட்னி என்னும் ஆங்கில ஆய்வாளர் மெல்லிய ரப்பர்க் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டி, இரத்தவோட்டத்தால் கால் பருப்பதை அளந்தார். குழாய் நீளும்போது உள்ளிருக்கும் பாதரச இழை மெலியும். மெலிந்தால் மின்தடை கூடும். எளிய, அழகிய சூழ்ச்சி! ஆனால் குழாய் வெடித்தால்? பாதரசத்தை நோயாளியின் மேனியில் கட்ட இன்று எவரும் துணியார்.

காலியத்திற்குப் பாதரசத்திடம் இல்லாத மற்றொரு குணமும் உண்டு. காற்றுப் பட்ட மறுகணமே அதன்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று, பால்மேல் ஆடை படிவதுபோல் படிந்துவிடும். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் இரண்டு மூன்று கூறுகளே. அத்துணை மெல்லிய ஆடைதான் உள்ளிருக்கும் திரவத்தைச் சிதறாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் மயிரிழை போன்ற நுண்வாய்க்கால்களில் இதனைச் செலுத்தினால், பாதரசத்தைப்போல் துளித்துளியாய்ப் பிரிந்து ஓடாமல் செலுத்திய வடிவிலேயே நிற்கும். இவ்வியல்பை விளக்கி அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் டிக்கி முதலானோர் 2008-இல் எழுதினர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர் பின்னர் உருவாக்கிய கம்பி, எட்டு மடங்கு நீளம் இழுத்தாலும் மின்சாரத்தைக் கடத்தியது. செம்புக் கம்பியை அவ்வாறு இழுத்தால் அறுந்துபோகும். இங்கோ ரப்பர் நீள, திரவம் கூடவே ஓடி இடத்தை நிரப்பிவிடுகிறது. மின்கடத்தலில் இக்கலவை செம்புக்குப் பதினேழில் ஒரு பங்குதான்; ஆயினும் ஐந்தோவனின் உப்புநீரைவிடப் பல இலட்சம் மடங்கு மேல். உப்புநீரின் தழுவும் குணத்தையும் உலோகத்தின் கடத்தும் குணத்தையும் ஒருசேரப் பெற்ற பொருள் இது.

இதைத் தோலில் அமைக்கும் முறைகள் பல. நம் மனத்தைக் கவர்ந்தது போர்த்துகல் நாட்டுக் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் கூடி 2018-இல் வெளியிட்ட முறை. கோயிம்பிரா என்றதும் நம் வாசகர் சிலர் நிமிர்ந்து உட்காரக்கூடும். ஓரியூரில் குருதி சிந்திய நம் புனித அருளானந்தர் இளமையில் பயின்ற நகரமன்றோ அது! அங்குள்ள ஆய்வாளர்கள் செய்தது இதுதான்: சிறுவர் கையில் ஈரம் தொட்டு ஒட்டிக்கொள்ளும் படத்தாளை எடுத்தார்கள். வெள்ளியின் நுண்துகள் கலந்த மையினால், சாதாரண மேசை அச்சுப்பொறியைக் கொண்டே அதன்மேல் கோடுகளை அச்சிட்டார்கள். அச்சிட்ட கோட்டில் வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று சரிவரத் தொடாமல் கிடக்கும். மின்சாரம் நன்கு ஓடாது. சூளையிலிட்டுச் சுட்டால் துகள்கள் இணையும், ஆனால் தாள் கருகிவிடும். அதற்கு மாறாக, காலிய-இந்தியக் கலவையை அக்கோடுகளின்மேல் தடவினார்கள். கலவை வெள்ளியோடு கூடித் துகள்களைப் பிணைத்தது. நெருப்பின்றியே வேலை முடிந்தது. பிறகு தாளை ஈரமாக்கித் தோலில் ஒற்றியெடுத்தால், பச்சை குத்தியதுபோல் மின்சுற்று தோலோடு ஒன்றிவிடும். தோல் சுருங்க அதுவும் சுருங்கும். தோல் விரிய அதுவும் விரியும். மேலே விட்டம் போட்டு நிற்கும் வில்லையும் இல்லை, பிய்த்தெடுக்கும் பட்டையும் இல்லை.

உடலின் உள்ளே வைப்பதற்கான முயற்சிகளும் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஸ்டெபனி லாக்கூர் என்னும் பெண் அறிஞரும் கிரகோர் கூர்த்தீன் என்பாரும் தம் குழுவினரோடு 2015-இல், எலிகளின் தண்டுவடத்தைப் போர்த்தும் நெகிழ்ந்த மின்முனைப் படலம் ஒன்றை அமைத்துக் காட்டினர். விறைப்பான படலம் தண்டுவடத்தை நசுக்கி எலியின் நடையைக் கெடுத்தபோது, மென்படலம் வாரக்கணக்கில் தீங்கின்றி இருந்தது. அதில் கடத்தியாக இருந்தது திரவ உலோகமன்று, பொன்னின் நுண்படலம். அதையும் சொல்லிவிடுவது நேர்மை. அம்மையாரின் ஆய்வகமே 2016-இல் பொன்னோடு காலியத்தைச் சேர்த்து, பாதி திடமும் பாதி திரவமுமாய், நான்கு மடங்கு நீளும் படலத்தை ஆக்கியது. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் தவளையின் கால் நரம்பை வெட்டி, இடைவெளியைக் காலியக் கலவையால் இணைத்து, மின்சைகை ஏறக்குறைய முழு நரம்பில் போலவே கடந்து செல்வதைக் கண்டனர். கால்வானியின் தவளை இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஓய்வு பெறவில்லை, பாவம்!

காலியம் மருத்துவர்க்கு அறிமுகமற்ற பொருளன்று. கதிரியக்கக் காலியத்தை ஊசியாற் செலுத்தி உடலில் மறைந்திருக்கும் அழற்சியையும் சில புற்றுநோய்களையும் படம்பிடிப்பது நெடுநாளைய வழக்கம். எனினும் ஒரு வேளை செலுத்துவது வேறு. ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் தங்கவைப்பது வேறு. ரப்பர் கிழிந்து திரவம் கசிந்தால் என்னாகும், உடலின் நீர்மங்கள் அதனை எவ்வாறு அரிக்கும் என்பவை பொறுமையுடன் ஆராயப்பட வேண்டியவை. மற்றொரு தொல்லை: காலியம் அலுமினியத்தின் பகை. ஒரு துளி பட்டு ஊறினால் அலுமினியத் தகடு அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே கருவியின் மற்ற உறுப்புகளை எவ்வுலோகத்தால் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். இது தனிச் சுரங்கத்தில் கிடைப்பதும் அன்று. பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும்போது உடன்கிடைக்கும் சிறு பொருள். பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகிறது. 2023 ஆகஸ்டு முதல் அந்நாடு உரிமமின்றி அதனை ஏற்றுமதி செய்யலாகாது எனக் கட்டுப்பாடு விதித்தபோது பல நாடுகள் திகைத்தன.

வேறோர் ஐயமும் நமக்கு எழாமலில்லை. தோலோடு தோலாய் ஒன்றிவிடும் கருவியை அணிந்தவரே மறந்துவிடுவார். நோயாளிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நோயற்றவரின் மேனியிலும் அதனை ஒட்டி, அவருடைய இதயத் துடிப்பையும் உறக்கத்தையும் வேலைக்களைப்பையும் வேறொருவர் எங்கிருந்தோ கணக்கிடும் நாள் வந்தால்? உறுத்தும் கருவி, தான் இருப்பதையாவது நினைவூட்டிக்கொண்டிருக்கும். எவர் கேட்டு, எவர் இசைந்து ஒட்டப்படுகிறது என்ற கேள்வியை மென்மையில் மயங்கி விட்டுவிடலாகாது என்பது நம் கருத்து.

இம்மின்முனைகள் பெரும்பாலும் ஆய்வகங்களிலேயே இருக்கின்றன. நம் பங்கின் முதியோரும் நோயாளரும் மருத்துவமனைக்குச் செல்லும்போது மார்பில் ஏறப்போவது அந்தப் பழைய வில்லைதான். ஆகையால் அம்மாவின் கட்டிலருகே செவிலியரிடம் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறோம். முதியோரின் தோலும் குறைமாதக் குழந்தையின் தோலும் எளிதில் கிழிபவை என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வில்லையை மேல்நோக்கி வெடுக்கென இழுக்கலாகாது. ஈரப் பஞ்சினால் ஓரத்தைச் சற்று ஊறவைத்து, ஒரு விரலால் அருகிலுள்ள தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டையைத் தோலை ஒட்டியே பின்னோக்கி மடித்து, மெல்ல மெல்ல உரிக்க வேண்டும். எண்ணெய் தடவி எடுப்பதும் உண்டு. எடுத்தபின் அவ்விடத்தை நன்கு துடைத்து உலர்த்தாவிட்டால் அடுத்த வில்லை ஒட்டாது. புதியதை அதே வட்டத்தின்மேல் ஒட்டாமல், மருத்துவர் இசைந்தால் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டச் சொல்லுங்கள். செபமாலை சொல்லும் வழக்கமுடையவராயின், கம்பிகளைத் தோள்பக்கமாய்ச் சேர்த்து, சிறிது தளர்வாக விட்டு, ஆடையில் ஓரிடத்தில் பிணைத்துவிடக் கேளுங்கள். எட்டாம் நாள் இரவு மூத்த செவிலி ஒருவர் அவ்வாறு செய்துகொடுத்தார். அன்று ஐந்து மறையுண்மைகளும் முடியும்வரை எச்சரிக்கை மணி இரண்டு முறைதான் ஒலித்தது.